தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்புக்கு முந்தைய கல்வி

மருத்துவப் பட்டப்படிப்பில் சேருவதற்கு முன் ஒரு மாணவர் படித்துத் தேற வேண்டிய பாடங்கள் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. அமெரிக்காவில் பெரும்பாலோர் நான்காண்டு இளங்கலைப் படிப்பிலேயே உயிரியல், வேதியியல், இயற்பியல் பாடங்களை முடித்து, நுழைவுத்தேர்வு எழுதி, அதன் பிறகே மருத்துவக் கல்லூரியில் சேர்கின்றனர். தமிழ்நாட்டிலும் இந்த ஆயத்தக் கல்வி ஒரு காலத்தில் கல்லூரியில்தான் இருந்தது. பின்னர் அது பள்ளிக்கு வந்தது. இந்த இடமாற்றம் நகர மாணவர்களைவிட, போடிநாயக்கனூரை அடுத்த சிலமலை போன்ற சிற்றூர்களின் மாணவர்களுக்கே முதன்மையானது.

கல்லூரியில் ஆயத்தம்

சென்னையில் 1835-இல் தொடங்கிய மருத்துவப் பள்ளி 1850-இல் கல்லூரியானது. பிற்காலத்தில் அங்கு பட்டம் படிக்க விரும்பியவர், மெட்ரிகுலேசன் தேறிய பின் ஒரு கலைக்கல்லூரியில் ஈராண்டு எஃப்.ஏ. வகுப்பு படிக்க வேண்டியிருந்தது.

இந்த இடைப்படி எவ்வளவு கடினமானது என்பதற்கு முத்துலட்சுமி ரெட்டியின் (1886–1968) வாழ்க்கை சான்றாகும். சென்னை மருத்துவக் கல்லூரி 1875-லேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் அவர் சேர முயன்றபோது, பெண் என்பதால் எதிர்ப்பு எழுந்தது. மன்னர் தலையிட்ட பிறகே இடம் கிடைத்தது. அங்கு தேறி, 1907-இல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-இல் பட்டம் பெற்றார். மருத்துவக் கல்லூரியின் வாயிலைவிட அதற்கு முந்தைய வாயிலே அவருக்குக் குறுகலாக இருந்தது.

எஃப்.ஏ. வகுப்பு பின்னர் இன்டர்மீடியட் ஆயிற்று. 1950-களில் அதற்குப் பதிலாக ஓராண்டு புகுமுக வகுப்பு (பி.யு.சி.) வந்தது. மதுரை மருத்துவக் கல்லூரி 1954-இல் தொடங்கப்பட்டதால் தென்மாவட்டத்தினருக்குப் பயணத் தொலைவு குறைந்தது. ஆயினும் புகுமுக வகுப்புக்கே கல்லூரி உள்ள ஊருக்குப் போகவேண்டும். விடுதிச் செலவும் உண்டு.

பள்ளியில் ஆயத்தம்

1978-இல் பிளஸ் டூ எனப்படும் மேல்நிலைக் கல்வி அறிமுகமானது. புகுமுக வகுப்பின் இடத்தைப் பள்ளியின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகள் பிடித்தன. அருகில் அறிவியல் பிரிவுள்ள மேல்நிலைப் பள்ளி இருந்தால் போதும். மாணவர் வீட்டிலிருந்தே படிக்கலாம். 1984-இல் மாநில நுழைவுத்தேர்வு தொடங்கியது. 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது நீக்கப்பட்டு, பிளஸ் டூ மதிப்பெண்ணே அளவுகோலாயிற்று. இதற்கிடையே 2004-இல் தேனி அரசு மருத்துவக் கல்லூரியும் தொடங்கப்பட்டது.

நீட் தேர்வும் உள் ஒதுக்கீடும்

2017 முதல் மாநிலத்தின் மருத்துவச் சேர்க்கை நீட் தேர்வின் அடிப்படையில் நடைபெறுகிறது. இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய மூன்று பாடங்களுக்கும் சேர்த்து மொத்த மதிப்பெண் 720. பாடங்கள் பள்ளிக்குரியவையே. ஆனால் பயிற்சி பெரிதும் தனியார் மையங்களுக்கு நகர்ந்தது. ஓராண்டு, ஈராண்டு காத்திருந்து மீண்டும் எழுதுவோர் பெருகினர். அதற்கான பணமும் காலமும் எல்லாக் குடும்பங்களுக்கும் வாய்ப்பதில்லை. அரசுப் பள்ளி மாணவர் சேர்க்கை மிகவும் குறைந்ததால், 2020-இல் அவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கும் சட்டம் இயற்றப்பட்டது.

ஒரு மருத்துவக் கல்லூரி எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது மட்டும் ஒரு மாணவரின் வாய்ப்பைத் தீர்மானிப்பதில்லை. அதற்கான ஆயத்தக் கல்வி எங்கே, யாருடைய செலவில் கிடைக்கிறது என்பதே பெரிதும் தீர்மானிக்கிறது என்பதை இந்த வரலாறு காட்டுகிறது.