ஒரே அரசு, இரு செயல்கள்: வட அமெரிக்கச் சமவெளிச் சைகை மொழி பதிவான வரலாறு

வட அமெரிக்கப் பெருஞ்சமவெளியில் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாத பூர்வகுடிகள் பலர் வாழ்ந்தனர். பிளாக்ஃபுட், குரோ, செயென், லகோட்டா முதலிய குடிகளுக்கிடையே வணிகமும் உடன்படிக்கையும் சைகை மொழியில் நடந்தன. கதைகளும் அதில் சொல்லப்பட்டன. காது கேட்போரும் கேளாதோரும் அதை அறிந்திருந்தனர்.

இம்மொழியின் வரலாற்றில் 1879ஆம் ஆண்டு முக்கியமானது. பூர்வகுடிகளின் மொழிகளையும் வழக்கங்களையும் ஆராய அமெரிக்க அரசு அவ்வாண்டு இனவியல் அலுவலகத்தை வாஷிங்டனில் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பரில் பென்சில்வேனியாவின் கார்லைலில் பூர்வகுடிக் குழந்தைகளுக்கான உறைவிடப் பள்ளியையும் திறந்தது. அங்கே தாய்மொழி பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டனர். பல குடிகளின் பிள்ளைகளுக்கும் ஆங்கிலமே பொதுமொழியானபோது, சைகை மொழி செய்துவந்த வேலை அதனிடமிருந்து பறிபோனது. அம்மொழி தானாகத் தேய்ந்தது என்று எழுதுவது தவறு. அதைப் பதிவு செய்யப் பணம் தந்த அரசே அதன் வேரையும் அறுத்தது.

அலுவலகத்தின் சார்பில் படை அதிகாரி காரிக் மாலரி 1881இல் விரிவான ஆய்வை வெளியிட்டார். கைநிலைகளைக் கோட்டோவியங்களாக அச்சிட்டுப் பல இடங்களுக்கு அனுப்பித் தரவு திரட்டினார். 1880 மார்ச்சில் யூட் குடியினர் ஏழு பேரை வாஷிங்டனில் இருந்த காது கேளாதோர் கல்லூரிக்கு அழைத்துச் சென்றார். அவர்களும் மாணவர்களும் சைகையால் உரையாடினர். மனிதப் பேச்சு எப்படித் தோன்றியது என்பதற்கு இதில் விடை தேடிய மாலரி, பூர்வகுடிகளிலேயே காது கேளாதவர்கள் எப்படிப் பேசினார்கள் என்பதைத் தன் ஆய்வின் மையக் கேள்வியாக்கவில்லை. இம்மொழி பற்றி 1885இல் வெளிவந்த வில்லியம் கிளார்க்கின் நூலும் படை அதிகாரி ஒருவரின் தொகுப்பே.

இந்நூல்களில் சொற்கள் கிடைக்கின்றன. ஆனால் கை போகும் வேகம், முகக்குறிப்பு, ஒரு சைகை அடுத்ததோடு இணையும் விதம் ஆகியவற்றை எழுத்தால் ஓரளவே தர முடிந்தது. அந்தக் குறையைத் திரைப்படம் தீர்த்தது. 1930 செப்டம்பர் 4 முதல் 6 வரை, மொன்டானாவின் பிரவுனிங்கில், ஓய்வுபெற்ற தளபதி ஹியூ ஸ்காட் பல குடிகளின் மூத்தோரைக் கூட்டிப் படமெடுத்தார். அவர்களில் ஒருவரான பிட்டர்ரூட் ஜிம் கரடிக் கதை சொல்லும் பகுதியை ஒருமுறை பார்த்தாலே போதும், அகராதிகள் எவ்வளவு விட்டுவிட்டன என்பது விளங்கிவிடும். திரைப்பட அகராதி ஒன்றையும் ஸ்காட் திட்டமிட்டார். அது முடியுமுன் 1934இல் காலமானார்.

மாலரி மையப்படுத்தாத கேள்வியை 1996இல் தன் முதுகலை ஆய்வுக்குப் பொருளாக்கியவர் மெலனி மெக்கே-கோடி. இவர் செரோக்கி குடியைச் சேர்ந்த, காது கேளாத அறிஞர். பேச்சுமொழிக்குத் துணையாகச் சைகை செய்வோரையும், சைகையே முதன்மொழியான காது கேளாதோரையும் ஒப்பிட்டார். முதன்மொழியாக வாய்க்கும்போது அம்மொழியின் அமைப்பு கூடுதல் சிக்கலும் செறிவும் பெறுவதைக் கண்டார். 2010இல் இம்மொழி பற்றி நூல் வெளியிட்ட ஜெஃப்ரி டேவிஸ், ஸ்காட்டின் படச்சுருள்களையும் பிற பழைய பதிவுகளையும் மொழியியல் நோக்கில் ஆராய்ந்தார். மெக்கே-கோடியின் முடிவுகளையும் தன் ஆய்வில் எடுத்தாண்டார்.