கருவிமரம்: கருனிக்கு வன்பொருளை விவரிக்கும் முறையின் வரலாறு

கருவிமரம் என்பது ஒரு கணினியில் எந்தெந்த வன்பொருள்கள் உள்ளன, அவை எந்த நினைவக முகவரிகளில் அமைந்துள்ளன என்பதை இயக்குதளத்தின் கருனிக்கு (கெர்னலுக்கு) விவரிக்கும் தரவுக் கட்டமைப்பு ஆகும். இது டிவைஸ் ட்ரீ என்றும் அழைக்கப்படுகிறது. வன்பொருள் விவரத்தைக் கருனியின் நிரலிலிருந்து பிரித்துத் தனிக் கோப்பாக வைப்பதே இதன் சிறப்பு. சென்னையில் வடிவமைக்கப்பட்ட சக்தி செயலியில் லினக்சு இயங்குவதற்கும் இம்முறை உதவியது.

தேவை

மேசைக் கணினியில் யூஎஸ்பி, பிசிஐ கருவிகள் தாம் யார் என்பதைக் கேட்டால் தாமே தெரிவிக்கும். பதிகணினிச் சில்லுகளில் உள்ள தொடர் முனையம், கடிகாரம் போன்றவற்றுக்கு அத்திறன் இல்லை. தவறான முகவரியில் தேடினால் கணினி உறைந்துபோகலாம். எனவே இவ்விவரங்களைக் கருனிக்கு முன்கூட்டியே தரவேண்டும்.

தோற்றம்

1980களின் பிற்பகுதியில் சன் மைக்ரோசிசுடம்சு நிறுவனம் உருவாக்கிய ஓப்பன்பூட் என்னும் தொடக்க மென்பொருள், வன்பொருள் விவரத்தை மரவடிவில் வைத்திருந்தது. இது 1994இல் ஐஇஇஇ 1275 என்னும் தரமாக வெளியானது. பின்னர் பவர்பிசி கணினிகளுக்கான லினக்சு, இம்மரத்தைத் தட்டையான ஒரே கோப்பாகப் பெறும் முறையை மேற்கொண்டது.

ஆர்ம் செயலிகளில்

ஆர்ம் செயலிகளைக் கொண்ட ஒவ்வொரு பலகைக்கும் லினக்சில் தனித்தனி சி நிரல் எழுதப்பட்டு வந்தது. பலகைகள் பெருகியபோது ஒரேமாதிரியான நிரல்களும் குவிந்தன. 2011இல் லினசு டோர்வால்டுசு இந்நிலையைக் கடுமையாகக் கண்டித்தார். அதன்பின் ஆர்ம் பிரிவும் கருவிமரத்துக்கு மாறத் தொடங்கியது. 2012 டிசம்பரில் வெளியான லினக்சு 3.7, ஒரே கருனி பல நிறுவனங்களின் ஆர்ம் சில்லுகளில் இயங்க வழிசெய்தது.

சக்தி செயலி

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் வீ. காமகோடி தலைமையிலான குழு, 2014இல் சக்தி செயலித் திட்டத்தைத் தொடங்கியது. இது ரிஸ்க்-ஃபைவ் என்னும் திறந்த கட்டளைத் தொகுதியைப் பின்பற்றுகிறது. ரிஸ்க்-ஃபைவுக்கான ஆதரவு 2018 சனவரியில் வெளியான லினக்சு 4.15இல் இணைந்தது. அதே ஆண்டில் இன்டெல் நிறுவனத்தின் 22 நானோமீட்டர் ஆலையில் உருவான ரைசுகிரீக் சில்லில் லினக்சு இயங்கியது. மொகாலியில் உள்ள குறைகடத்தி ஆய்வகத்திலும் 180 நானோமீட்டர் முறையில் சக்தி சில்லு தயாரிக்கப்பட்டது.

ரிஸ்க்-ஃபைவ் கணினி தொடங்கும்போது, தொடக்க மென்பொருள் கருவிமரத்தின் முகவரியை ஏ1 என்னும் பதிவகத்தில் இட்டுக் கருனியிடம் ஒப்படைக்கிறது. நினைவகத்தின் அளவு, தொடர் முனையத்தின் முகவரி, குறுக்கீட்டு எண் ஆகியவற்றைக் கருனி அதிலிருந்து படித்துக்கொள்கிறது. முகவரி மாறினால் கருவிமரக் கோப்பைத் திருத்தினால் போதும். கருனியை மீண்டும் தொகுக்கவேண்டியதில்லை.

வரம்பு

கருவிமரம் ஒரு கருவி இருக்கும் இடத்தைச் சொல்லும். அதை இயக்கும் வழியைச் சொல்லாது. முற்றிலும் புதிய கருவிக்கு இயக்கி நிரல் எழுதியே ஆகவேண்டும். கருவிக்குரிய முனையில் உள்ள 'கம்பாட்டிபிள்' என்னும் பண்பே எந்த இயக்கி பொருந்தும் என்பதைக் கருனிக்குக் காட்டுகிறது. ஏற்கெனவே இயக்கியுள்ள கருவியைச் சில்லில் பயன்படுத்தினால், உள்நாட்டில் சில்லு வடிவமைக்கும் சிறிய குழுவும் உலகம் முழுவதும் எழுதப்பட்ட நிரல்களின் பயனைப் பெறமுடிகிறது.