கடற்கரைச் சாலையில் இரண்டு பாங்கிகள்

ஒடுகத்தூரில் என் பாட்டியார் தம் பணத்தை அடுக்குப் பானையில்தான் வைத்திருந்தார். பாங்கியில் போடலாமே என்றால், "அது யார் வீடு?" என்று கேட்பார். எளிய கேள்வியன்று அது. அதற்கு விடையாகவே பழைய பாங்கிகள் மாளிகைகளை எழுப்பின என எண்ணுகிறேன்.

சென்னைக் கடற்கரைச் சாலையில், 1843இல் தோன்றிய மதராஸ் பாங்கியின் மாளிகை ஒன்று உண்டு. ஹென்றி இர்வின் வடிவமைப்பில் பங்குகொள்ள, நம்பெருமாள் செட்டியார் 1890களில் அதனைக் கட்டினார். இந்திய முறையும் சாரசானிய முறையும் கலந்த பாணி. உயர்நீதிமன்றத்தைக் கண்டவர்க்கு அது புதிதன்று. 2014இல் தீ விபத்துக்கும் உள்ளாயிற்று.

அதே சாலையில்தான் ஆர்பத்நாட் கம்பெனியும் கம்பீரமாக வீற்றிருந்தது. 1906 அக்டோபரில் அது முறிந்தது. ஓய்வூதியம் பெற்றோர், கைம்பெண்கள் எனப் பலருடைய வாழ்நாள் சேமிப்பும் அழிந்தது. சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் சிறை சென்றார். அந்த அதிர்ச்சியிலிருந்தே, வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் முயற்சியால், 1907 ஆகஸ்டு 15இல் இந்தியன் பாங்கி தொழில் தொடங்கியது.

1921இல் மதராஸ் பாங்கி இம்பீரியல் பாங்கியுடன் இணைந்தது. 1955இல் அது ஸ்டேட் பாங்கி ஆயிற்று. ஐந்தாண்டுகளில் நானூறு கிளைகள் திறக்க வேண்டுமெனச் சட்டம் பணித்தது. சிற்றூர்களில் மாளிகை ஏது? வாடகை வீடுகளே பாங்கிகளாயின. எங்கள் பக்கத்தில் நான் முதலில் கண்ட பாங்கியும், திண்ணையை அடைத்துக் கம்பிக்கதவு போட்ட ஓட்டு வீடுதான். அவ்வீட்டுக்காரர் பாட்டியாருக்குத் தெரிந்தவர். மறுவாரமே பானை காலியாயிற்று.