பழம்பூவேலைத் துணிகளைப் பேணும் அறம்

பழுதுற்ற ஜினாலயத்தைப் புதுப்பித்தல் பெரும் புண்ணியச் செயல் என்பது சமண மரபு. ஜீர்ணோத்தாரணம் எனப் போற்றப்படும் அத்திருப்பணியில், கல் பெயர்ந்த இடத்தில் கல் வைக்கலாம். சுதை உதிர்ந்த இடத்தில் சுதை பூசலாம். ஆனால் ஆலயங்களிலும் இல்லங்களிலும் உள்ள பழம்பூவேலைத் துணிகளுக்கு அம்முறை பொருந்தாது. அவற்றைப் புதுப்பிக்க முனைவதே பல நேரங்களில் அவற்றை அழிப்பதாக முடிகிறது.

பூவேலைக்குப் பெயர்பெற்றது குசராத்து நாடு. அங்குள்ள சுவேதாம்பரர், விரதம் நிறைவெய்தி உத்யாபனம் செய்யுங்கால் பூவேலைத் துணிகளைத் தானமாக அளிப்பர். துறவியர் அறவுரை ஆற்றும் இருக்கைக்குப் பின்னே தொங்கவிடுவது ‘சோடு’. மேற்கட்டியாகக் கட்டுவது ‘சந்தர்வோ’. பட்டின்மீதும் வெல்வெட்டின்மீதும் சரிகையால் அஷ்டமங்கலங்களும், தீர்த்தங்கரரின் அன்னை கண்ட கனவுகளும் தைக்கப்படும். அக்கனவுகளைச் சுவேதாம்பரர் 14 என்பர். திகம்பரர் 16 என்பர். உருவங்களை எண்ணினாலே துணி எம்மரபினது என்று உணரலாம். தானம் செய்தோர் பெயரும் விக்கிரம ஆண்டும் தைக்கப்பட்ட துணிகளும் உள. 1949-இல் கௌதம் சாராபாயும் அவர்தம் தங்கை கிரா சாராபாயும் அகமதாபாத்தில் நிறுவிய காலிகோ அருங்காட்சியகம் சமணத் துணிகளையும் பேணி வருகிறது. அதற்கு வித்திட்டவருள் ஒருவர் ஈழத் தமிழ்க் குடியில் தோன்றிய ஆனந்த குமாரசுவாமி ஆவார்.

துணியில் தைத்த எழுத்து எத்துணை மதிப்புடையது என்பதற்கு இங்கிலாந்திலும் ஒரு சான்று உண்டு. ஜேன் பாஸ்டாக் என்பவர் 1598-இல் தைத்த தையல் மாதிரித் துணி இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஆண்டு குறிக்கப்பட்ட ஆங்கில மாதிரித் துணிகளுள் அதுவே மிகப் பழமையானது. ஆலிஸ் லீ என்னும் குழந்தை 1596-இல் பிறந்த செய்தியும் அதில் தைக்கப்பட்டுள்ளது. தைத்தபின் பிரித்தெடுக்கப்பட்ட சில உருவங்களின் சுவடுகளும் அதில் புலனாகின்றன. வெற்றிடம் என எண்ணி எவரேனும் புதிய பூக்களைத் தைத்திருந்தால் அச்சுவடுகள் மறைந்திருக்கும்.

முற்காலத்தில் உதிர்ந்த பூவை மீண்டும் தைத்தலும், கறுத்த சரிகையைத் தேய்த்து மெருகிடுதலும் சீரமைப்பு எனப்பட்டன. இன்றைய அறிஞர் அவற்றைத் தவிர்க்கின்றனர். சரிகை என்பது பட்டு நூலின்மேல் சுற்றிய மெல்லிய வெள்ளித் தகடு, அதன்மேல் பொன்முலாம். தேய்த்தால் கறுப்போடு முலாமும் போய்விடும். இரும்புச்சத்து கலந்த சாயம் ஏறிய கருநூல் பிற நூல்களுக்கு முன்னரே இற்று உதிரும். ஒளியால் வெளுத்த நிறம் மீளாது. ஆயினும் துணியின் பின்புறத்தில் பழைய நிறம் தங்கியிருக்கும். ஆதலின் முன்புறத்தை மட்டும் நோக்கி நிறம் தேர்ந்து தைப்பது பிழையாகும்.

பேணும் முறை எளியது, பொறுமை வேண்டுவது. முதலில் இருபுறமும் படம் எடுத்து, பழுதுகளைக் குறித்துக்கொள்வர். வலைத்துணியை மேலே பரப்பி, குறைந்த விசையில் தூசியை உறிஞ்சுவர். ஒவ்வொரு நிறத்திலும் ஒரு துளி நீர் இட்டு, சாயம் கசியாது எனத் தேர்ந்த பின்னரே நனைப்பது பற்றி எண்ணுவர். கிழிந்த இடத்தின் அடியில் கஞ்சி நீக்கிய துணியை வைத்து, மெல்லிய பட்டு நூலால் தாங்குதையல் இடுவர், பசை தடவுவதில்லை. காட்சிக்கு வைக்கும்போது ஒளியை 50 லக்ஸ் அளவுக்குள் நிறுத்துவர். மடிப்பில் இழை முறியுமாதலால், உருளையில் சுற்றி வைப்பர்.

பூச்சி அரிப்பைத் தடுப்பதில் சமணர் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. பூச்சி பெருகிய பின் அதனைக் கொல்லாமல் துணியைக் காத்தல் அரிது. தூய்மை, உலர்ந்த காற்று, அடிக்கடி பிரித்துப் பார்த்தல் ஆகியவற்றால் பூச்சி அணுகாமலே காப்பது துணிக்கும் நலம், அகிம்சைக்கும் இயைந்தது.

திகம்பரர் இதனை ஆண்டுதோறும் செய்யும் நாள் சுருத பஞ்சமி. தரசேனாசாரியரிடம் பயின்ற புஷ்பதந்தரும் பூதபலியும் ஷட்கண்டாகமத்தை எழுத்தில் நிறைவித்த நாளாக அது போற்றப்படுகிறது. பூதபலி திரமிள நாட்டுக்கு வந்தார் என்பதும் மரபு. அந்நாளில் சுவடிகளைத் தூய்மை செய்து, புதிய துணியில் கட்டி வழிபடுவர். புதிய துணி சாற்றுவது நன்றே. ஆனால் நீக்கப்படும் பழந்துணி பலவிடங்களில் துடைக்கும் துணியாகிறது, அல்லது நெருப்புக்கு இரையாகிறது. அதனோடு அதை அளித்த அன்னையர், பாட்டியர் பெயரும் அழிகிறது.

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930 முதல் வேதியியல் பாதுகாப்புக்கூடம் இயங்கி வருகிறது. ஐயம் எழும்போது அத்தகைய இடங்களில் வினவலாம். வரும் சுருத பஞ்சமியன்று பழந்துணியைப் புதியதன் அருகே விரித்து, அதிலுள்ள எழுத்துகளைப் படியெடுத்து, தூய வெண்துணியில் சுற்றி வைத்தல் ஒவ்வோர் இல்லத்தாலும் இயலும். ஏட்டைக் காப்பது சுருத பக்தி எனின், அவ்வேட்டைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த துணியைக் காப்பதும் அதன் பகுதியேயாம்.