தோல் தூய்மையானது, தண்ணீர்?

செத்த ஆட்டின் தோலும் பதனிட்டால் தூய்மையாகிவிடும் என்பது நபிமொழியின் அடிப்படையில் அமைந்த மார்க்கச் சட்டம். மதரஸாவில் ‘தஹாரத்’ எனும் தூய்மைப் பாடத்தை ஓதத் தொடங்கும் மாணவன் தொடக்கத்திலேயே இதைக் கற்றுவிடுகிறான். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் வாழும் நம் சமுதாயத்தினருக்கு இது வெறும் ஏட்டுச் செய்தியன்று, அன்றாட வாழ்வாதாரம். தோலைத் தூய்மையாக்கிய அத்தொழில் பாலாற்றின் நீரை என்ன செய்தது என்று கேட்கும் கடமையும் நமக்கே முதலில் உரியது.

இத்தொழில் தந்த கொடைகளை மறப்பது நன்றிகேடு. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919இல் தோன்றியது. தோல் வணிகரான காகா முஹம்மது உமர் சாஹிப் 1924இல் உமராபாத்தில் ஜாமிஆ தாருஸ்ஸலாமை நிறுவினார். மேல்விஷாரத்துக் கல்லூரி நவாப் சி. அப்துல் ஹக்கீம் எனும் தோல் வணிகரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இச்சமுதாயத்தின் கல்விக்கு உரமிட்ட செல்வத்தில் பெரும்பங்கு தோல் மண்டிகளிலிருந்து வந்தது.

பழைய முறையில் ஆவாரம்பட்டையும் கடுக்காயுமே பதனிடும் பொருள்கள். தோல் பதமாக வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 1970களில் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தி, முழுமையாகப் பதனிட்ட தோலை ஊக்குவித்தபோது குரோமிய முறை வேகமாகப் பரவியது. வாரங்கள் நாள்களாகச் சுருங்கின, கழிவோ பெருகியது. ஆனால் குரோமியத்தை மட்டும் குறை கூறுவது பாதி உண்மையே. பச்சைத் தோல் கெடாதிருக்க இடும் உப்பு, ஊறல் தொட்டியில் கழுவப்பட்டுக் கழிவுநீரோடு வெளியேறுகிறது. 1990களில் அமைந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களால் கரைந்த உப்பைப் பிரித்தெடுக்க இயலவில்லை. பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலுக்கடியில் ஓடும் ஆறு. மேலே ஊற்றியது கீழே இறங்கிக் கிணறுகளைச் சேர்ந்தது. பாலாற்றங்கரை ஊர்களுக்கு இன்று காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தண்ணீர் தருகிறது என்பதொன்றே அந்த ஆற்றின் கதையைச் சொல்லிவிடும்.

1991இல் வேலூர் குடிமக்கள் நலப் பேரவை உச்ச நீதிமன்றத்தை அணுகியது, வழக்கறிஞர் எம்.சி. மேத்தா வாதாடினார். நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு 1996 ஆகஸ்ட் 28இல் தீர்ப்பளித்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாவதையும், சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனதையும் அத்தீர்ப்பு எடுத்துரைத்தது. நாட்டின் தோல் ஏற்றுமதியில் ஏறத்தாழ 80 விழுக்காடு தமிழகத்தினுடையது என்பதையும் நீதிபதிகள் மறைக்கவில்லை. தீங்கு நேருமுன் தடுப்பதும், கெடுத்தவரே ஈடு செய்வதும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என அறிவித்தனர். ஆறுகளின் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் நீரைக் கடுமையாக மாசுபடுத்தும் ஆலைகளுக்கு இடமில்லை என்ற 1989ஆம் ஆண்டின் அரசாணையையும் உறுதி செய்தனர்.

இக்கருத்துகள் அண்மைக்கால மேலைச் சட்டச் சிந்தனையின் விளைச்சல் எனப் பலரும் எண்ணினர். நம் மதரஸாக்களில் ஓதப்படும் ‘ஹிதாயா’வை இறுதிவரை புரட்டியவருக்கு அப்படித் தோன்றியிருக்காது. தரிசு நிலத்தை உயிர்ப்பிப்பது பற்றிய பாடத்தில் கிணற்றின் ‘ஹரீம்’, அதாவது அதைச் சுற்றிப் பிறர் நுழையக் கூடாத காப்பெல்லை, கால்நடைகளுக்கு நீர் வழங்கும் கிணற்றுக்கு 40 முழம் என வரையறுக்கப்பட்டுள்ளது. 1869 முதல் 1876 வரை உதுமானியப் பேரரசில் ஹனஃபி மத்ஹபின்படி தொகுக்கப்பட்ட ‘மஜல்லா’ சட்டநூலின் 1212ஆம் பிரிவு இன்னும் வெளிப்படையானது. பிறரது கிணற்றருகே ஒருவர் கழிவுக் குழியோ சாக்கடையோ அமைத்து நீரைக் கெடுத்தால் அத்தீங்கு நீக்கப்பட வேண்டும். வேறு வழியே இல்லையெனில் அக்குழியை மூடிவிடலாம் என்பது அதன் கருத்து. பொதுத் தீங்கைத் தடுக்கத் தனிமனிதர் இழப்பை ஏற்க வேண்டும் என்பதும் அந்நூலின் பொதுவிதிகளுள் ஒன்று.

ஆயினும் தஹாரத் பாடம் முதலில் வருகிறது. நீருரிமைப் பாடம் கடைசியில். முன்னது நாள்தோறும் ஐவேளை நினைவுக்கு வருவது. பின்னது தேர்வு முடிந்தால் மறப்பது. ஓடும் ஆற்றங்கரையில் அமர்ந்து ஒளூச் செய்தாலும் வீண்விரயம் கூடாது என்னும் நபிமொழியைப் பள்ளிவாசல் குழாயருகே எழுதி வைக்கிறோம். அந்த ஆற்றுக்கே அதைப் பொருத்திப் பார்க்க ஏனோ தயங்கிவிட்டோம்.

படைப்பின் புனிதத்தை மறந்ததே சுற்றுச்சூழல் நெருக்கடியின் வேர் என்று சையித் ஹுசைன் நஸ்ர் 1966இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரைகளில் வாதிட்டார். அது ஞானத்தின் குரல். இலங்கையில் பிறந்த ஃபஸ்லுன் காலித் அந்நோக்கைச் செயலாக்க முனைந்தவர். 1994இல் பிரிட்டனில் இதற்கென ஓர் இஸ்லாமிய அறக்கட்டளையை நிறுவினார். தான்சானியாவின் பெம்பாவை அடுத்த மிசாலித் தீவில், வெடிவைத்து மீன் பிடித்தவர்களிடையே இறைமறைப் போதனைகளைக் கொண்டு அவ்வமைப்பு பணியாற்றியது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பின் இறைவன்மீது பொறுப்புச் சாட்டுமாறு நபிகளார் (ஸல்) பணித்ததை நாம் அறிவோம். அமானிதம், கிலாஃபத், மீஸான் என்று மேடையில் முழங்குவது எளிது. என் கிணற்றின் உப்பளவு என்ன, என் பங்குடைமையிலுள்ள ஆலையின் கழிவு எங்கே போகிறது, நான் தரும் ஜகாத்தும் ஸதகாவும் யாருடைய வயலைக் கெடுத்த இலாபத்திலிருந்து வருகின்றன என்று ஆண்டுக்கொரு முறையேனும் கணக்கெடுப்பது கடினம். ‘முஹாஸபா’ என்னும் தற்கணக்கு ஸூஃபிகளுக்கு மட்டும் உரியதன்று.

இழப்பீட்டின் கதைக்கு வருவோம். தீர்ப்பின்படி அமைக்கப்பட்ட ஆணையம் 2001 மார்ச் 7இல் 547 ஆலைகள் 29,193 பேருக்குச் சுமார் 26.82 கோடி ரூபாய் தர வேண்டும் என்றது. வகுத்துப் பார்த்தால் ஒருவருக்குச் சராசரியாகப் பத்தாயிரம் ரூபாயும் தேறவில்லை. நிலத்தை இழந்த உழவருக்கு அது ஈடன்று. ஓர் ஒப்புதல் மட்டுமே. அதுவும் பலருக்கு உரிய காலத்தில் கைக்கு வரவில்லை. இடையில் 2019இல் வேலூர் மாவட்டமே மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்திற்குச் சென்றன. 2025 ஜனவரி 30இல் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, இன்னும் பெறாதவர்களுக்கு ஆறு வாரங்களுக்குள் தொகையை வழங்கிவிட்டு, அதை ஆலைகளிடமிருந்து வசூலித்துக்கொள்ளுமாறு மாநில அரசுக்கு ஆணையிட்டது. மனு தாக்கலாகி அப்போது 34 ஆண்டுகள் ஆகியிருந்தன.