பாதிரிப்புலியூரில் ஒரு முகாம்

இரவு பதினொரு மணிக்கு ஆபீஸ் லேப்டாப்பை மூடிய பிறகு நான் கூலிப்படைத் தலைவன் ஆகிவிடுவேன். ஹாம்பர்க் நகரத்தில் ஒரு சின்ன குழு உருவாக்கி 2017இல் வெளியிட்ட 'பேட்டில் பிரதர்ஸ்' என்ற கேம். இடைக்கால ஜெர்மனியைச் சாயல் காட்டும் ஒரு கற்பனை நாடு. அதில் நீங்கள் ராஜா இல்லை, ராஜகுமாரனும் இல்லை. சம்பளத்துக்குச் சண்டை போடும் ஒரு கும்பலின் கேப்டன், அவ்வளவுதான். ஆட்களுக்கு மார்புவரைதான் உருவம், சதுரங்கக் காய் மாதிரி. காலே கிடையாது. ஆனால் ஒவ்வொருத்தனுக்கும் பேரும் பழைய தொழிலும் உண்டு. விவசாயி, மீனவன், பிச்சைக்காரன், ஊரைவிட்டு ஓடிவந்த திருடன். செத்தால் செத்ததுதான், திரும்பி வரமாட்டான்.

சண்டை அறுகோணக் கட்டங்களில் நடக்கும். முன்வரிசையில் கேடயக்காரர்கள், பின்வரிசையில் நீண்ட ஈட்டிக்காரர்கள். மேட்டில் நிற்பவனுக்குச் சாதகம். ஒருத்தனை எத்தனை பேர் சூழ்கிறோமோ அந்த அளவுக்கு அடி விழும் வாய்ப்பு கூடும். கனமான கவசம் போட்டவன் சீக்கிரம் களைத்துப்போவான். பக்கத்தில் நிற்பவன் விழுந்தால் இவனுக்கு மனம் தளரும், தளர்ந்தால் ஓடுவான். இதெல்லாம் பழகிவிடும். பழகாதது வேறொன்று: தினமும் சம்பளம், தினமும் சாப்பாடு. நான் தோற்ற ஆட்டங்களில் பாதி, சண்டையில் தோற்றவை இல்லை. கையில் காசு தீர்ந்து, மூட்டை காலியாகி, ஆட்கள் ஒவ்வொருத்தராக விலகிப்போனவை.

அரக்கர்களும் உண்டு. பிணத்தைத் தின்னத் தின்னப் பெரிதாகி, கடைசியில் ஆளையே முழுசாக விழுங்கும் 'நாக்ட்ஸேரர்'. தலையை வெட்டாவிட்டால் மறுபடி எழுந்து வரும் சவங்கள். அலறினாலே நம் ஆட்கள் நடுங்கும் ஆவிகள். எனக்கு நாக்ட்ஸேரரைப் பார்த்ததும் நம்ம ஊர்ப் பரணிதான் ஞாபகம் வந்தது. செயங்கொண்டார் கலிங்கத்துப் பரணியில் போர்க்களத்துப் பிணங்களைக் கொண்டு பேய்களைக் கூழ் சமைக்க வைக்கிறார். முதல் குலோத்துங்கனின் படை கலிங்கத்தை அழித்த கதை அது. அந்தப் பேய்கள் படையைக் கண்டு பயப்படுவதில்லை, விருந்து வைத்ததற்கு வாழ்த்துகின்றன. போரால் லாபம் அடைந்தவர்களில் அதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டது அவை மட்டும்தான் என்று எனக்குத் தோன்றும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கேமில் பிரபுக்களுக்குள் போர் மூளும் ஒரு கட்டம் இருக்கிறது. அப்போது ஒரு பிரபு கூப்பிட்டு, எதிரிக்குச் சொந்தமான இன்ன பண்ணையை எரித்துவிட்டு வா, இவ்வளவு காசு என்பான். முதல் தடவை நான் யோசிக்கவே இல்லை. சம்பள நாள் நெருங்கிவிட்டது, ஒப்புக்கொண்டேன். மறுநாள் காலை குளிக்கும்போதுதான் நெருடியது. இந்தப் பட்டியலை எங்கோ படித்திருக்கிறோமே? ஊர் பேர், ஊர் பேர், எரித்தது, அழித்தது, அடுத்த முகாம்.

படித்தது திருவந்திபுரம் கல்வெட்டில்.

கடலூர்க்காரர்களுக்குத் திருவந்திபுரத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கெடிலக் கரையில் தேவநாதசுவாமி கோயில், எதிரே சின்ன மலையில் ஹயக்ரீவர். பரீட்சைக்கு முன் ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு மலையேறாத பிள்ளைகள் எங்கள் பக்கம் குறைவு. இன்ஜினியரிங் எட்டு செமஸ்டருக்கும் நானும் ஏறினேன். கீழே இருக்கும் கோயிலில் ஒரு போரின் நாட்குறிப்பு கல்லில் கிடக்கிறது என்று அப்போது எவரும் சொல்லவில்லை. ஜெர்மானியரான ஹூல்ட்ஸ் அதைப் படித்து, சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் 'எபிகிராஃபியா இண்டிகா' ஏழாம் தொகுதியில் பதிப்பித்தார்.

ஆண்டு 1231 வாக்கில். சோழப் பேரரசு நொடிந்துபோயிருந்த காலம். காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன், தன் பேரரசனான மூன்றாம் இராசராசனையே பிடித்து, உளுந்தூர்பேட்டை அருகே உள்ள சேந்தமங்கலத்தில் சிறைவைத்துவிட்டான். செய்தி துவாரசமுத்திரத்துக்கு, அதாவது இன்றைய ஹளேபீடுக்குப் போகிறது. ஹொய்சள மன்னன் இரண்டாம் நரசிம்மன், சோழநாட்டை நிலைநிறுத்தியவன் என்ற பெயரைக் காப்பாற்றாமல் எக்காளம் ஊதவிட மாட்டேன் என்று சபதம் போட்டுக் கிளம்புகிறான். பாச்சூர் வரை வந்து தங்கிக்கொண்டு, அப்பண்ணன், சமுத்திர கோப்பய்யன் என்ற இரண்டு தண்டநாயகர்களை அனுப்புகிறான். உத்தரவு ரத்தினச் சுருக்கம்: கோப்பெருஞ்சிங்கன் நாட்டை அழி, சோழனை மீட்டு வா. இரண்டில் எது முதலில் வருகிறது என்று கவனியுங்கள்.

அதற்குப் பிறகு கல்வெட்டு முழுக்க ஊர்ப் பெயர்கள்தான். கோப்பெருஞ்சிங்கன் இருந்த எள்ளேரி, கள்ளியூர்மூலை. சோழகோன் இருந்த தொழுதகையூர். இவற்றை அழிக்கிறார்கள், முதலிகளைக் கொல்கிறார்கள், குதிரைகளைக் கைப்பற்றுகிறார்கள். செத்தவர் வரிசையில் ஈழத்துப் பராக்கிரமபாகுவின் பெயரும் வருகிறது. கடல் தாண்டி வந்தவர்கள் காடவன் பக்கம் நின்றிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் அது ஒன்றும் அதிசயமில்லை, எதிர்த்திசையிலும் ஆட்கள் போனார்கள். பொலன்னறுவையில் முதலாம் விஜயபாகுவிடம் தமிழ் வேளைக்காரப் படை இருந்தது. சோழருக்கு எதிராகப் போகச் சொன்னபோது அதே படை கலகம் செய்தது. பின்னால் அதே வேளைக்காரர்கள் புத்தரின் தந்தத்தாது இருந்த கோயிலைக் காப்பதாகத் தமிழில் கல்வெட்டு வெட்டிக்கொடுத்தார்கள். விசுவாசத்தை ஒற்றை எண்ணில் காட்டும் கேமுக்கு இதெல்லாம் பிடிபடாது.

பிறகு தண்டநாயகர்கள் பொன்னம்பலத்துக்குப் போய்க் கும்பிடுகிறார்கள், சிதம்பரம் நடராசரை. கும்பிட்டுவிட்டுக் கிளம்பி, தொண்டைமாநல்லூர் முதலான வளமான ஊர்களை அழித்து, காட்டை வெட்டி, திருப்பாதிரிப்புலியூரில் வந்து தங்குகிறார்கள். அங்கிருந்து திருவதிகை, திருவக்கரை. சேந்தமங்கலத்துக்குக் கிழக்கே கடற்கரை வரை ஊர்களைச் சுட்டதும் அழித்ததும், பெண்களைப் பிடித்ததும், கொள்ளையடித்ததும் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. மறைக்கவில்லை, வருத்தமும் இல்லை. பெருமையோடுதான் வெட்டியிருக்கிறார்கள்.

கடைசியில் படை சேந்தமங்கலத்தை நெருங்கி இறங்கப்போகும்போது, கோப்பெருஞ்சிங்கன் பயந்து, சோழனை விட்டுவிடுகிறேன் என்று சொல்லி அனுப்புகிறான். விடுகிறான். கோட்டைச் சண்டையே நடக்கவில்லை!

இதைத் தந்திரமாக மட்டும் பார்த்தால் பிசிறில்லாத வேலை. பணயக்கைதி உள்ளே இருக்கும்போது கோட்டையை முட்டக்கூடாது, முட்டினால் கைதியின் கழுத்துக்குத்தான் ஆபத்து. அதனால் கோட்டையை விட்டுவிட்டு, அதற்குச் சோறு போடும் ஊர்களைத் தொடு. எள்ளேரியில் ஆரம்பித்து வடக்கே போய், பிறகு மேற்கே திரும்பி வளையத்தை இறுக்கு. கைதியை வைத்திருப்பது விடுவிப்பதைவிட அதிகச் செலவு என்று ஆக்கிவிடு. ஒரு ஸ்ட்ராட்டஜி கேம் ஆடுபவனாக நான் தலையாட்டி ரசித்திருக்கிறேன் என்பதை ஒளிக்க விரும்பவில்லை.

ஆனால் நான் பிறந்தது திருப்பாதிரிப்புலியூரில்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அப்பாவிடம் இந்தக் கல்வெட்டைச் சொன்னேன். அப்பா அரசுக் கிடங்கில் அரிசி மூட்டை எண்ணியே ரிட்டயர் ஆனவர். சரித்திரத்தில் பெரிய ஆர்வம் கிடையாது. முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இங்க வந்து தங்குனாங்கன்னு சொல்றியே, சாப்பாட்டுக்கு என்னடா பண்ணுனாங்க?"

"கல்வெட்டுல அது இல்லப்பா. எத்தனை பேர்னும் இல்ல."

"ஆயிரம் பேர்னு வச்சுக்க. ஆளுக்கு அரைக் கிலோ அரிசின்னாலும் ஒரு நாளைக்குப் பத்து மூட்டை. குதிரைக்குத் தனி. மைசூர்ப் பக்கத்துலேந்து தூக்கிட்டா வந்திருப்பான்? நம்ம வூட்டுக் குதிர்லதான் எடுத்திருப்பான்."

அப்புறம் டீயைக் குடித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அழிப்பு, கொள்ளை என்று கல்வெட்டு தனித்தனியாகச் சொல்வதெல்லாம் நடைமுறையில் ஒன்றுதான். படை தின்று முடித்த ஊருக்குத்தான் அழிந்த ஊர் என்று பெயர். திருப்பாதிரிப்புலியூர் அழிந்த பட்டியலில் இல்லை, தங்கிய பட்டியலில் இருக்கிறது. அதில் எனக்கு முன்பு ஒரு அற்ப சந்தோஷம் இருந்தது. அப்பாவின் கணக்குக்குப் பிறகு அது போய்விட்டது.

அப்பாவின் கேள்வியை வைத்துக்கொண்டு பார்த்தால் 550 வருஷம் கழித்தும் இங்கே அதே ஆட்டம்தான். 1780இல் ஹைதர் அலி கர்நாடகப் பகுதிக்குள் இறங்கி நாட்டைச் சூறையாடுகிறார். மறு வருஷம் ஜெனரல் அயர் கூட் பெரிய படையோடு கடலூரில் மாதக்கணக்கில் முடங்கிக் கிடக்கிறார். சுற்றுவட்டாரத்தில் எடுக்க எதுவும் மிச்சமில்லை, அரிசி கப்பலில் வந்தால்தான் உண்டு. சிதம்பரம் கோயிலுக்குள் ஹைதரின் படை இருக்கிறது, தானியமும் இருக்கிறது. 1781 ஜூன் 18 அன்று கூட் கோயில் மதிலை மோதி, அடிவாங்கித் திரும்புகிறார். இரண்டு வாரத்தில் பரங்கிப்பேட்டையில் ஜெயித்தது தனிக்கதை. தண்டநாயகர்கள் கும்பிட்ட பொன்னம்பலம் அப்போது ஒரு கோட்டை, ஒரு நெல் கிடங்கு.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து, 1783 ஜூனில், பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த கடலூரை ஆங்கிலேயர் முற்றுகையிட்டபோது, தாக்கியவர்களில் ஹனோவர் படைப்பிரிவுகள் இருந்தன. கம்பெனிக்காக ஜெர்மனியில் ஆள் சேர்த்துக் கப்பலேற்றி அனுப்பப்பட்டவர்கள். ஜூன் 13 ஒரே நாளில் ஆங்கிலேயர் பக்கம் ஏறக்குறைய ஆயிரம் பேர் செத்தோ காயப்பட்டோ விழுந்தார்கள். ஐரோப்பாவில் சமாதானத்துக்கான முதற்கட்ட ஒப்பந்தம் அந்த ஜனவரியிலேயே கையெழுத்தாகியிருந்தது, சேதி இங்கே வந்து சேரவில்லை. ஹாம்பர்க்கில் செய்த கேமில் ஜெர்மன் சாயல் கூலிப்படையைக் கடலூரில் உட்கார்ந்து நடத்துகிறேன். அந்தப் பக்கத்து நிஜக் கூலிக்காரர்கள் எங்கள் செம்மண் மேட்டில் புதைந்திருக்கிறார்கள்.

அரக்கர்கள் விஷயத்துக்குத் திரும்புகிறேன். திருவந்திபுரம் கல்வெட்டில் அரக்கன் இல்லை. ஆனால் ஒருத்தனை அரக்கனாக்கும் முயற்சி இருக்கிறது. கோப்பெருஞ்சிங்கன் சிவன் கோயில்களையும் பெருமாள் கோயில்களையும் அழித்தான் என்று அது சொல்கிறது. பெயரிலேயே சிங்கம் வேறு. எழுதியது எதிரி என்பதை மறக்கக்கூடாது. இதே கோப்பெருஞ்சிங்கன் பெயரில், ஆந்திராவின் திரிபுராந்தகத்தில் 1262ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. நாலு திசையும் வென்ற பொருளைக் கொண்டு சிதம்பரம் கிழக்குக் கோபுரத்தைக் கட்டியதாகப் பெருமைப்படுகிறது. அந்த நாலு திசையிலும் எத்தனை எள்ளேரிகள் இருந்தனவோ. அந்தப் பெயரில் இரண்டு பேர், அப்பனும் பிள்ளையும் என்று ஆராய்ச்சியாளர்கள் பிரிப்பார்கள். எனக்கு இங்கே முக்கியம் அதுவல்ல. எரித்தவன், எரிக்கப்பட்டவன் இருவரும் கும்பிட்டது ஒரே ஆடவல்லானை.

கேமில் நாக்ட்ஸேரரை வெட்டும்போது உறுத்தாது. அதற்காகத்தான் அது அங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று நினைக்கிறேன். நாலு அரக்கர் வேட்டைக்கு நடுவில் ஒரு பண்ணை எரிப்பு வந்தால், அதுவும் ஒரு கான்ட்ராக்டாகக் கடந்துபோய்விடும். நரசிம்மனுக்குப் பட்டம் நிலைத்தது. அவன் மகன் சோமேசுவரன் காலத்தில் ஹொய்சளர்கள் திருவரங்கத்துக்குப் பக்கத்தில், கண்ணனூரிலேயே தலைநகர் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். மீட்டுக் கொடுத்ததற்கான கூலி என்று நான் எழுதினால் வரலாற்று மாணவர்கள் கோபித்துக்கொள்வார்கள். கூலி என்றே எழுதுகிறேன்.

ஊரிலிருந்து கிளம்பும் முன் அப்பாவும் நானும் திருவந்திபுரம் போனோம். முகூர்த்த நாள், மலைமேல் ஏகப்பட்ட கல்யாணம், வழியெல்லாம் வேன். கீழே கோயிலில் கூட்டம் நகர்த்திக்கொண்டே போனது, எழுத்து இருக்கும் சுவரைத் தேட நேரமில்லை. எங்கு பார்த்தாலும் கல்லில் எழுத்துதான். நான் கழுத்தை வளைத்து வளைத்துப் பார்ப்பதைக் கண்டு அப்பா கேட்டார்.

"அதுல நம்ம ஊர் பேர் மட்டுமா இருக்கு, ஆள் பேர் எதாவது இருக்கா?"

"தண்டநாயகர் பேர், முதலிங்க பேர் இருக்குப்பா."

"நான் கேட்டது குதிர் வச்சிருந்தவன் பேர்."

இல்லை என்றேன். சரி வா, பஸ் வந்துடும் என்றார்.