கொட்டியாரக் குடாவின் மறுகரை

திருகோணமலைத் துறைமுக வாயிலில் நின்று தென்கிழக்கே நோக்கினால், கொட்டியாரக் குடாவின் மறுகரை ஒரு மெல்லிய பச்சைக் கோடாகத் தெரியும். அந்தக் கோட்டிற்குள் அடங்கிய சிற்றூர்களுள் ஒன்று சம்பூர். கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருந்தும், அவ்வூரிலிருந்து பட்டணத்து ஆஸ்பத்திரிக்கோ கச்சேரிக்கோ வந்துசேர்வது நெடுங்காலம் ஒரு நாட்பயணமாகவே இருந்தது.

கொட்டியாரம் வெளியுலகுக்குப் புதிய பெயரன்று. 1660இல் 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல் பழுதுபார்ப்பதற்காக இக்குடாவில் ஒதுங்கியபோதுதான் றொபேட் நொக்ஸ் கண்டி மன்னனின் ஆட்களிடம் சிறைப்பட்டார். பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் தப்பிச் சென்று அவர் எழுதிய நூல் 1681இல் வெளிவந்தது. பெருங்கப்பல்கள் தேடிவந்த குடா அது. ஆனால் அதன் கரையில் வாழ்ந்தவர்களுக்கோ ஒரு பாலம் கிடைக்க இருபத்தோராம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

மகாவலி கங்கை கிளைகளாகப் பிரிந்து கடலில் கலக்கும் நிலம் இது. திருகோணமலையிலிருந்து மூதூர் செல்பவர் கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி என்று ஒவ்வொரு துறையிலும் 'பாதை'க்காகக் காத்திருக்க வேண்டும். (தமிழகத்து வாசகர்களுக்கு ஒரு குறிப்பு: இங்கே பாதை என்பது மனிதரையும் வாகனத்தையும் சேர்த்து ஏற்றும் மிதவை.) இல்லையேல் மூதூர் லோஞ்சில் ஏறிக் குடாவைக் கடக்க வேண்டும். கந்தளாய், அல்லை வழியாகச் சுற்றி வரும் தரைவழியும் உண்டு; அவசரத்திற்கு அது உதவாது. மாரியில் கடல் கொந்தளித்தால் லோஞ்சு ஓடாது. அந்நாட்களில் மூதூர்ப் பகுதிச் செய்தி எங்கள் மேசைக்குப் பெரும்பாலும் ஒருநாள் பிந்தியே வரும். காரணம் கேட்க வேண்டியதில்லை.

ஊரில் எத்தனை பேர் என்ற கேள்விக்கும் இதே கதிதான். 1981 குடிசன மதிப்பீட்டில் திருகோணமலை மாவட்டத்தின் சனத்தொகை சுமார் 2.56 இலட்சம். 1991இல் போரினால் மதிப்பீடு நடைபெறவில்லை. 2001இல் இம்மாவட்டத்தில் அது முழுமையடையவில்லை. 2012இல்தான் முழுக்கணக்கு வந்தது: சுமார் 3.8 இலட்சம். இடைப்பட்ட முப்பத்தொரு ஆண்டுகளில் சம்பூர் போன்ற ஊர்களின் தலைக்கணக்கு கிராம சேவகரின் பதிவேட்டிலும் நிவாரண அட்டைகளிலுமே இருந்தது.

அந்தக் கணக்கையும் 2006 குலைத்தது. ஏப்ரல் 25ஆம் திகதி விமானக் குண்டுவீச்சு தொடங்கியது. செப்டெம்பர் 4ஆம் திகதி இராணுவம் சம்பூரைக் கைப்பற்றியபோது மக்கள் வெருகல், வாகரை வழியாக மட்டக்களப்பு நோக்கிப் போய்விட்டிருந்தனர். 2007 மே மாதத்தில் ஊர் உயர் பாதுகாப்பு வலயமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. திரும்பி வந்தவர்கள் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் தங்கினர். அவர்களின் காணிகளில் இந்தியக் கூட்டு முயற்சியில் 500 மெகாவாற் நிலக்கரி மின் நிலையம் வருமெனப் பேசப்பட்டது.

நான் மறக்க முடியாத முரண் இங்கேதான் இருக்கிறது. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. 2011இல் உப்பாறு, கங்கை, இறால்குழிப் பாலங்களும் வந்தன. தலைமுறைகளாகக் கேட்ட வீதி வந்துசேர்ந்தது. அந்த வீதியால் வீடு திரும்பச் சம்பூரானுக்கு அனுமதியில்லை. மீள்குடியேற்றம் 2015இல்தான் தொடங்கியது. அவ்வாண்டு ஓகஸ்ட் 22இல் 818 ஏக்கர் காணி மக்களிடம் கையளிக்கப்பட்டது. கடற்படையிடம் இருந்த 237 ஏக்கர் 2016 மார்ச்சில் விடுவிக்கப்பட்டது. நிலக்கரித் திட்டமும் அவ்வாண்டிலேயே கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக, 120 மெகாவாற் சூரிய மின் திட்டம் ஒன்று 2025 ஏப்ரலில் சம்பூரில் தொடக்கி வைக்கப்பட்டது.

துறைகளின் கதை இத்துடன் முடிந்துவிட்டது என்று நானும் எண்ணியிருந்தேன். 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை, கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த இடத்தருகே தற்காலிக மிதப்புப் பாதை ஒன்று கவிழ்ந்தது. குறைந்தது ஆறு பேர் மாண்டனர். பெரும்பாலோர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள்.